மூர்த்தியின் பெயரில் ஓடியது

போர்வையை இழுத்துக்கொண்டு கிட்ட வாருங்கள். இது நம்முடைய கனகசிங்கத்தின் மச்சான் சச்சிதானந்தனுக்கு நடந்தது... எண்பத்தேழாம் ஆண்டு, டிசம்பர் மாதம்.

பின்னேரம் ஐந்து மணி. ரொறன்ரோவில் அந்த மாதத்தில் அதுவே கும்மிருட்டு. மார்க்கம் நகருக்கு வடக்கே வெறிச்சோடிய ரோட்டில் சச்சி தனியே கார் ஓட்டிப் போகிறான். போவது கந்தோருக்கு, வேலை செய்யும் ஆபீசுக்கு. ஞாயிற்றுக்கிழமை... அங்கே ஈ காக்காய் இல்லை.

அவனுடைய கூட்டாளி விநாயகமூர்த்தி மூன்று கிழமைக்கு முன் இதே ரோட்டில்தான் போய்ச் சேர்ந்தான். ஐஸில் கார் வழுக்கி... அவ்வளவுதான். மனைவி பேபி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவளைக் கூப்பிடவென்று மூன்று வருசம் அலைந்தவன், பாவம்.

இருவருக்கும் ஒரே கம்பனியில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே டேட்டாபேஸை ஓட விட்டது மூர்த்திதான். திரையில் ஒன்றும் தெரியாது. பின்னால் தன்பாட்டில் ஓடும். ஓட விட்டவன் வீட்டுக்குப் போனாலும் ஓடும். என்னென்ன ஓடுகிறது என்று கேட்டால் மட்டும், பக்கத்தில் அவன் பெயரைக் காட்டும். செத்த பிறகும் காட்டியது.

செத்தவீட்டில் பேபி கேட்டாள். "தம்பி, 'நான் படுத்தாலும் என்ர வேலை ஓடிக்கொண்டிருக்கும்' எண்டு அவர் சொல்லுவார். இன்னும் ஓடுதோ?"

"ஓம் அக்கா. அவற்ற பேரிலதான்."

அவள் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கைப் பார்த்தாள். "அப்ப முப்பத்தொண்டாம் நாள் கிரியை மட்டும், இந்த விளக்கைப் போல உதையும் நூக்காதேங்கோ."

அணைக்க மாட்டேன் என்று சச்சி தலையாட்டிவிட்டான். ஆனால், விடிந்தால் அது ஓடும் பழைய கம்ப்யூட்டர் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போக லொறி வருகிறது. கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது?

இயந்திர அறையில் ஒரே குளிர். ஊம்ம்ம்... என்று காற்றாடிச் சத்தம். மூர்த்தியின் நாற்காலி ஆள் எழும்பும்போது கிறீச்சிடும். அதில் இருக்க மனம் வராமல் நின்றுகொண்டே, அழுதுகொண்டே, நிறுத்தும் கட்டளையை அடித்தான். பெயர் போய்விட்டது.

பிறகு புது இயந்திரம். அது வேறு ஓப்பரேட்டிங் சிஸ்டம். பின்னால் ஓட விடும் முறையே வேறு. பழையதில் கட்டளையின் கடைசியில் ஒரு குறி போட்டால் போதும். இது யாருடைய பெயரில் என்று கேட்டது. சச்சி தன் பெயரைக் கொடுத்தான். ஓடத் தொடங்கியது. சரிதானா என்று பார்த்தான்...

மூர்த்தியின் பெயர்.

அந்தப் புது இயந்திரம் கந்தோருக்கு வந்ததே அவன் செத்த பிறகுதான். அதில் அவன் பெயரை ஒருவரும் பதியவே இல்லை. அப்போதுதான் மணந்தது... யூக்கலிப்டஸ் தைலம். குளிரில் தலையிடிக்கிறது என்று மூர்த்தி எந்நேரமும் பூசுவது.

அதற்குப் பிறகு சச்சி எதையும் தொடவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடித்து ஐயர் படி இறங்கிய கையோடு பேபி சொன்னாள். "என்னை ஒருக்கால் அங்க கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி."

பெயர் அப்படியே இருந்தது. சச்சி விரலால் காட்டினான். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். கண்ணாடித் திரையைத் தடவினாள்.

"இஞ்சாருங்கோ... இனிக் காணும். உழைச்சது போதும். போங்கோ."

விசைப்பலகைக்குக் கிட்ட ஒருவரும் இல்லை.

கிறீச்...

திரையில் இப்போது சச்சியின் பெயர் இருந்தது. டேட்டாபேஸ் ஒரு கணமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பேபி மூர்த்தியின் நாற்காலியில் கை வைத்துப் பார்த்தாள்... சூடு.

அதில் உட்கார்ந்தாள். சூடு ஆறும்வரை எழும்பவில்லை.