வீட்டில் மணி அடிக்க ஆளில்லை

"நேத்து பட்டிமன்றத்துல ஜெயிச்சதால, எங்கப்பா என்னைய எம்.சி.ஏ.வுல சேக்கப்போறாரு."

ரெட்டியார்பாளையம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். சொன்னவளின் மடியில் பரிசுக் கோப்பை.

"மேல்படிப்பப் பெத்தவங்கதான் முடிவு பண்ணணும்னு பேசச் சொல்லி எனக்குச் சீட்டு விழுந்துச்சு, பேசினேன். மொத வரிசையில உக்காந்து கை தட்டுன அப்பா இப்ப, 'நீதானம்மா சொன்ன'ங்கறாரு. எனக்கு வரலாறு படிக்கணும்டி."

"எதிரணியில நான் பேசினத அவருகிட்ட சொல்லேன்."

"அதையெல்லாம் நான்தான ஒடச்சேன்."

"ஒண்ண ஒடைக்கல. படிக்கப்போறது யாருன்னு கேட்டேனே."

கோப்பை வைத்திருந்தவள் அதைப் பைக்குள் திணித்தாள்.

"அதுக்குப் பதில் இல்லாமதான், நேரம் முடிஞ்சு நடுவர் மணி அடிக்கிற வரைக்கும் வேற பேசிச் சமாளிச்சேன்."

"உங்கப்பாவும் சமாளிப்பாரு."

"எவ்ளோ நேரம்? அவரக் காப்பாத்த வீட்டுல மணி அடிக்க நடுவர் இல்லையே."