மூன்று ராத்திரி கார்டு

"ஓசியில ஒரு ராத்திரி தூங்குறதுக்கு வருசா வருசம் பத்தாயிரம் கட்டணுமா?"

அந்தப் பெண் இப்படிக் கேட்டதும்தான் நான் காதைக் கொடுத்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பெரிய ஹோட்டல்களின் பேரில் பேங்க் கொடுக்கும் இரண்டு கிரெடிட் கார்டுகளை அவர் செல்போனில் காட்டிக்கொண்டிருந்தார்.

"அது ஒரு ராத்திரிதான். இதுக்குக் கட்டணம் கூட, ஆனா மூணு ராத்திரி ஓசி. காலைச் சாப்பாடும் உண்டு. கோவா போயிட்டு வரலாம்ல?"

"மதுரையில இருக்கா இந்த ஹோட்டலு?"

"ரெண்டுமே இருக்கு. மதுரையில நமக்கென்ன வேல?"

"தை பொறந்ததும் எங்கப்பாவுக்கு ஆபரேசன். போன தடவ எங்கம்மா ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் படுத்துக் கெடந்தாக."

 திருச்சுழி வரைக்கும் அவர் செல்போனில் ஏதோ விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். பஸ் அங்கே நின்றதும் மாமியாரைப் போனில் கூப்பிட்டார்.

"அத்தை, நான்தான் பேசுறேன். மாமா ஆபரேசனுக்கு வாரப்ப பாயி, தலகாணியெல்லாம் தூக்கிட்டு வராதீக."