காயாத சிவப்பு

காலையில் எழுந்ததும் பால் காய்ச்சுவேன். காபி குடித்துவிட்டு ஈரத் துணியால் மரச்சட்டங்களைத் துடைப்பேன். பிறகு குளியல், இட்லி, பாளையங்கோட்டை பஸ். பெர்சிஸ் இறந்த பிறகும் இதில் மாற்றமில்லை, அத்தை. படுக்கையறை ஜன்னல்களை மட்டும் திறப்பதில்லை. திறந்தால் வண்ணம் பெயர்ந்துவிடும்.

உங்கள் மகளின் கல்லறைக் கல்லில் வெட்ட வாசகம் கேட்டீர்கள். அதற்காகத்தான் சொல்கிறேன்.

கட்டடக்கலை படிக்க நான் ஜெர்மனியில் இருந்தேன். அங்கே பழைய வீடுகளில் மரச்சட்டம் வெளியே தெரியும், இடையில் சுண்ணாம்புச் சுவர். வட்டாரத்துக்கு ஒரு வண்ணம். ஓரிடத்தில் கறுப்பு, ஓரிடத்தில் சாம்பல், நான் தங்கிய பக்கம் மாட்டு இரத்தச் சிவப்பு. மரம் கோணலாக இருந்தால் சிவப்பைச் சுவர்மேலும் கொஞ்சம் இழுத்துப் பூசி, ஓரமாக மெல்லிய சாம்பல் கோடு போடுவார்கள். பார்வைக்குச் சட்டம் நேராகிவிடும்.

சீவலப்பேரியில் அப்படியே கட்டினேன். பெயிண்டர் மாடக்கண்ணு, "என்ன சார், வீட்டுக்கு எலும்பு வெளிய தெரியுது" என்றார். பெர்சிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

உள்சட்டங்களுக்கு ஆளிவிதை எண்ணெய், காவி, டர்பன்டைன் கலந்து நானே பூசினேன். காய நாளாகும். அறுப்புக் காலம் வேறு. வயலில் மெஷின் ஓட, தூசி பறந்து ஈரச் சிவப்பில் ஒட்டியது. ஜன்னல்களை அடைத்தேன். பெர்சிஸ் இளைப்புக்காரி, மூச்சு முட்டுகிறது என்று திறந்தாள். திறந்த இடமெல்லாம் கைத்தடம்.

"ஒங்க ஜெர்மனில பொம்பளையளு ஜன்னலே தொறக்க மாட்டாளுவளோ?"

நான் கோபப்படவில்லை. தடத்தை அழித்து மறுபடி பூசினேன். பிறகு ஜன்னல்களைத் திருகாணியால் முடுக்கினேன். ஒரு மத்தியானம் அவள் தூங்கும்போது படுக்கையறைக் கதவையும் வெளியே பூட்டினேன். அவளுடைய இன்ஹேலர் கூடத்தில் இருந்தது.

நான் கடைக்குப் போயிருந்ததாக உங்களிடம் சொன்னேன். போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நிலையைச் சுற்றிச் சாம்பல் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தட்டினாள். மரம் அதிர்ந்து கோடு நடுங்கியது.

"தட்டாத, பெர்சிஸ். இந்தா முடிஞ்சிரும்."

சொன்னதைக் கேட்டாள். அதன்பிறகு கோடு நன்றாக வந்தது. மூலையில்கூடப் பிசிறில்லை. அடக்கத்தன்று நீங்கள் அந்த நிலையில் சாய்ந்துதான் அழுதீர்கள். உங்கள் வெள்ளைச் சேலையில் படிந்த சிவப்பு அதுதான்.

நான் அவளுக்குத் தீங்கு நினைத்ததில்லை. கோடு முடிந்ததும் திறந்தேன்.

திரும்பி வந்தபோது உயிர் இருந்தது, "இயேசுவே" என்று சொல்லி என் மடியில் சாய்ந்தாள் என்று உங்களிடம் சொன்னேன். சர்ச் ஐயரும் அதையே பிரசங்கத்தில் சொன்னார். இப்போது அதைக் கல்லில் வெட்டலாம் என்கிறீர்கள். சொல்லாததைக் கல்லில் வெட்டக்கூடாது, அத்தை. நான் பொய்க்குத் துணைபோகிறவன் இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கடைசியாகச் சொன்னது இது:

"ஏங்க, தொறங்க. பெயிண்டுல படாம பைய வந்திருதேன்."