காளான் இல்லாத காளான்

எனக்கு முட்டைக்கோஸ் பிடிக்காது, ஐயா. வேகும்போது வரும் அந்த வாடை, மழையில் நனைந்த சாக்கை அடுப்போரம் காயப்போட்டது போல இருக்கும். வாழ்க்கையையே அதை நறுக்கித்தான் ஓட்டினேன் என்பது வேறு விஷயம்.

டீ நன்றாக இருந்தது. உங்கள் ரைட்டர் நிதானமாக எழுதட்டும். நானாகத்தான் வந்தேன், ஓடிவிட மாட்டேன்.

பெயர் பூவாத்தாள். பிறந்தது அன்னூர்ப் பக்கம். பருத்தி எடுத்திருக்கிறேன், கடலைக்காய் பறித்திருக்கிறேன், கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபின் கட்டடத்தில் கலவை சுமந்திருக்கிறேன். வீட்டுக்காரர் பாலுசாமி. வேலைக்கு வளையாத உடம்பு, ஆனால் சிரித்த முகம். நான் தலையில் சட்டி வைத்து ஏணி ஏறும்போது, கீழே நின்று பார்த்து ஏறச் சொல்வார். அதுவும் ஒரு உதவிதான்.

தொண்ணூற்று மூன்றில் சரவணம்பட்டி ரோட்டுப் பிரிவில் தள்ளுவண்டி போட்டோம். முதலில் கோஸ் பக்கோடாதான். அப்போது காளான் என்பது பெரிய இடத்துச் சமாச்சாரம். ஊட்டியிலிருந்து டப்பாவில் வரும், ரிசப்ஷனில் வசதியானவர்கள் தொட்டுக்கொள்வார்கள். ஒரு நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. போட்ட பக்கோடா எல்லாம் நமுத்துப்போனது. தூக்கிப்போட மனசு வருமா? கல்லில் வெங்காயத்தை வதக்கி, மிளகாய்த்தூளும் சோளமாவும் கரைத்து ஊற்றி, பக்கோடாவை அதில் போட்டுக் கரண்டியால் கொத்தினேன். கொழகொழவென்று, செக்கச்செவேல் என்று ஒன்று வந்தது. மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவினேன். மழைக்கு ஒதுங்கிய காலேஜ் பையன் ஒருவன், பிரவின்குமார் என்று பெயர், தின்றுவிட்டுக் கேட்டான்.

"ஏனுங்க்கா, காளானுங்களா இது?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கண்டுபிடிப்பு என்பது அந்த இடம்தான், ஐயா.

மறுநாள் அவன் ஹாஸ்டலையே கூட்டி வந்தான். அப்புறம் மில் ஷிப்ட் முடிந்து வந்தார்கள், குடும்பத்தோடு ஸ்கூட்டரில் வந்தார்கள். ஊருக்கே பித்துப் பிடித்தது. காளான் பரோட்டா கேட்டார்கள், போட்டேன். பன்னைப் பிளந்து நடுவில் வைத்துக் கேட்டார்கள், வைத்தேன். தயிர்சாதத்தோடு கொண்டுவந்து அதன் மேல் ஊற்றச் சொன்னவர்களும் உண்டு. பிரவின்குமார் இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டே, முட்டைக்கோஸ் பக்கத்தில் வந்தால் தனக்கு ஓங்கரிக்கும் என்பான். அவன் தட்டில் கூட இரண்டு கரண்டி வைப்பேன். சண்முகப்ரியா என்று ஒரு டீச்சர், காளான் கவிச்சியில் சேர்த்தி என்று வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டார். அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். வாயைத் திறந்து சொன்னால் வெள்ளிக்கிழமையும் தின்றிருப்பார். பார்த்துப் பார்த்து ரோட்டில் வரிசையாக வண்டிகள் முளைத்தன. எல்லாரும் என் கரண்டியைப் பார்த்துக் கொத்தியவர்கள்தான். கல்லில் அத்தனை கரண்டியும் ஒன்றாக விழும் சத்தம் கேட்டால் கோவில் நோம்பிக்கு அடிக்கும் மேளம் தோற்கும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கலவை சுமந்த கை ஒரு ஊரின் நாக்கை மாற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

இனி போணி விஷயம். அதை நன்றாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது.

முதல் வியாபாரத்தை யார் கையால் செய்கிறோம் என்பதில் அன்றைய பிழைப்பு இருக்கிறது. பாலுசாமிக்குக் கைராசி. அவர் முதல் தட்டை வாங்கித் தின்றால் வண்டி காலியாகும் வரை கூட்டம் நிற்கும் என்று பிரிவு முழுக்கப் பேச்சு. உழைக்காத கையில் ராசி எப்படி வந்தது என்று எனக்குப் புரிந்ததில்லை. சாயங்காலமானால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி வண்டியாகப் போவார், ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு. அவர் வாய் வைக்காமல் ஒரு வண்டியிலும் அடுத்த தட்டு விழாது. என் வண்டிக்குக் கடைசியில் வருவார். அப்போது வயிற்றில் இடம் இருக்காது, ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டு முடித்துவிடுவார்.

தொண்ணூற்று ஆறில் அன்புக்கரசி வந்தாள். புருஷனுக்கு மில் மூடிவிட்டது. எங்கேயோ வகுப்புக்குப் போய்ச் சிப்பிக் காளான் வளர்க்கக் கற்றுக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் கூரை போட்டு வைக்கோலில் வளர்த்தாள். எனக்கு நேர் எதிரில் வண்டியை நிறுத்தினாள். அவள் காளானில் காளான் இருந்தது.

முதல் நாள் கூத்தைச் சொல்கிறேன். நீங்களே சிரிப்பீர்கள். பிரவின்குமார் போய் ஒரு வாய் வைத்தான், தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"ஏனுங்க, இது காளானே இல்லீங்க. ரப்பராட்டம் இருக்குது. எங்களை ஏமாத்தலாம்னு பாக்கறீங்களா?"

அவள் தன் கூரையைக் காட்டுகிறேன் வாங்க என்று சத்தியம் செய்தாள். யாரும் நம்பவில்லை. நிஜக் காளான் எப்படி இருக்கும் என்று என் வண்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கல்லைத் துடைத்தேன். அவ்வளவு சிரிப்பு என் வாழ்க்கையில் வந்ததில்லை.

அதைக் கெடுத்தது பாலுசாமி. போணிக்குப் போன இடத்தில் அந்தப் பெண் அழுதிருக்கிறாள். இவருக்கு மனசு இளகிவிட்டது. காளானை நார் நாராகக் கிழி, கோஸ் பக்கோடாவோடு கலந்து கொத்து, அப்போதுதான் காளான் மாதிரி இருக்கும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டார். என் கைப்பக்குவம் முழுவதையும் ஒரு தட்டுக்கு ஈடாக வைத்துவிட்டு வந்தார். அதுகூடப் போகட்டும். அவள் ஒரு போர்டு எழுதி மாட்டினாள். இங்கே காளானில் காளான் உண்டு.

கூட்டம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. பிரவின்குமார் என்னிடம் வந்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "அக்கா, உங்களுதுல காளான் இருக்குதுங்களா?" என்று கேட்டான். மூன்று வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. நான் கரண்டியை எடுத்துக் கல்லைச் சுரண்டினேன்.

அன்புக்கரசி கெட்டவள் இல்லை. அன்றே ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நானே காளான் தாரேன், நீங்களும் ரெண்டு கை போட்டுக்குங்க. போர்டு உங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்தர்றேன்."

அவள் என் காளானுக்கு மன்னிப்புக் கொடுக்க வந்தாள், ஐயா. அதைக் கண்டுபிடித்தவளிடம், அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொன்னாள். நான் சிரித்து, வேண்டாம் கண்ணு என்று அனுப்பிவைத்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஜனங்களுக்கு நிஜக் காளானைக் கண்டால் பயம் வரவேண்டும். அவ்வளவுதான்.

ஐப்பசி மழை. எங்கள் பக்கத்துக் காட்டில் எது முளைக்கும், எதைத் தின்ற ஆடு எழுந்திருக்காது என்பது களை வெட்டிய எல்லாருக்கும் தெரியும். போய்ப் பறித்து வந்தேன். நார் நாராகக் கிழித்து மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்தேன். அவளுடையதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. வண்டிக்காரர்களுக்குள் ஒரு பழக்கம், தண்ணீர் பிடிக்கப் போனால் எதிர்வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது. அவளும் குடத்தை எடுத்துக்கொண்டு, பார்த்துக்கங்க அக்கா என்றாள். பார்த்துக்கொண்டேன். அவள் காளான் கிழித்து வைத்திருந்த பேசினில் அதைக் கொட்டிக் கலந்துவிட்டு என் இடத்துக்கு வந்து வெங்காயம் நறுக்கினேன்.

அப்போது பாலுசாமி வந்தார்.

"அம்மணி, எனக்கென்னமோ இன்னைக்கு வகுறு மந்தமா இருக்குது. போணிக்குப் போகோணுமான்னு பாக்கறேன்."

அவர் போகாவிட்டால் எதிர்வண்டியில் முதல் தட்டு விழாது. முதல் தட்டு விழாவிட்டால் எந்தத் தட்டும் விழாது. கொட்டியதெல்லாம் வீண். அதோடு, கைராசிக்காரர் என்று அன்புக்கரசி அவருக்கு மட்டும் கோஸைத் தள்ளிவிட்டுக் காளானாகப் பொறுக்கி வைப்பாள். அதுவும் எனக்குத் தெரியும்.

"அந்தப் புள்ள உங்களைப் பாத்துட்டுத்தானுங்க நிக்குது. போயிட்டு வாங்க," என்றேன்.

போனார். நின்றபடியே தின்றார். நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டியதை இங்கிருந்து பார்த்தேன். அப்புறம் கூட்டம் விழுந்தது.

விடியும் முன்பே ஆஸ்பத்திரி நிறைந்துவிட்டது. மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், அவர்கள் தட்டில் கோஸ் அதிகம். முட்டைக்கோஸ் ஊரைக் காப்பாற்றியது என்று யாராவது எழுதினால் தேவலை. பாலுசாமி இரண்டு நாள் கிடந்து போனார். வைக்கோலில் விஷக் காளானும் சேர்ந்து முளைத்திருக்கும், அதைக் கவனிக்காமல் பறித்துவிட்டாள் என்று நீங்கள் அன்புக்கரசியைக் கூட்டிப்போனீர்கள். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

காரியம் முடிந்து வண்டி போட்டேன். ஜனம் தள்ளி நின்று பயந்து பார்த்தது. நான் ஸ்டூல் மேல் ஏறினேன். கோஸ் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷமாக நீங்கள் தின்றது இதைத்தான், இதில் ஒரு நாளும் காளான் இருந்ததில்லை, யாருக்காவது வயிறு வலித்ததா என்று கேட்டேன். பிரவின்குமார்தான் முதலில் சிரித்தான். வாயில் கோஸ் கிடக்கத் தனக்கு ஓங்கரித்ததே இல்லையே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினார்கள். டீச்சர் வெள்ளிக்கிழமையும் வந்தார். போணி செய்ய ஆள் இல்லை, நானே முதல் வாயை வைத்து ஆரம்பித்தேன். கைராசி எனக்கும் இருக்கிறது.

பிறகு ஏன் வந்தேன் என்று நீங்கள் கேட்பது நியாயம். மனசு உறுத்தி வரவில்லை. நேற்று டீக்கடையில் பேப்பர் வாசித்தார்கள். கேஸைப் பற்றி எழுதியிருந்தார்கள். கோவைக்குத் தள்ளுவண்டிக் காளானை அறிமுகப்படுத்திய அன்புக்கரசி என்பவர் என்று அச்சடித்திருந்தார்கள். வண்டி போட்டு ஒரு வருஷம் ஆகவில்லை, ஐயா, அந்தப் பெண். அச்சில் வந்துவிட்டால் அப்புறம் அதுதான் நிற்கும். நாளைக்கு இந்தப் பண்டம் தமிழ்நாடு முழுக்கப் போகும். போகும், பாருங்கள். அப்போது எங்கே பிறந்தது, யார் செய்தது என்று கேட்பார்கள்.

அதனால் அவளை விட்டுவிடுங்கள். அவள் உள்ளே இருக்கும்வரை அவள் பெயர்தான் பேப்பரில் வரும். நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். கோஸையும் மைதாவையும் பிசைந்து, பொரித்து, கொத்தி, இந்த ஊருக்குக் காளானைக் கொடுத்தவள் அன்னூர் பூவாத்தாள். அது முதல் வரியில் வரவேண்டும். தன் புருஷனைக் கொன்றதும் அந்தப் பூவாத்தாள்தான் என்பதை அதற்கடியில் எங்காவது சேர்த்துக்கொள்ளலாம், இடம் இருந்தால்.