முதல் சோடாவை உடைக்கும் கட்டைவிரல்

கோட்டும் டையுமாக நடு நாற்காலியில் வீற்றிருக்கும் வடகரைப்பேட்டை நற்பணி மன்றத் தலைவர் விஜயபாஸ்கர் அவர்களே! தலைவர் சிரித்தால் தானும் சிரித்து, தலைவர் இருமினால் தானும் இருமும் செயலாளர் அம்மையப்பன் அவர்களே! எங்கள் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல் எங்கள் ஊரைப் பாராட்ட வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! குழந்தையை மடியிலும் பொறுமையைக் கையிலும் பிடித்துக்கொண்டு, பிரியாணி எப்போது வரும் என்று காத்திருக்கும் தாய்மார்களே! ஷார்ஜா தொழில்பேட்டைத் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வெயிலில் வந்து, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் அண்ணன்மார்களே, மாமன்மார்களே! நிற்பவர்களுக்கு முதலிலும், உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிறகும், என் ஸலாமும் வணக்கமும் உரித்தாகுக.

என் பெயர் நஜீஹா. பதினோராம் வகுப்பு. முவைலாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் செய்கு அலாவுதீன் அவர்களின் மகள். "நமது கோலி சோடா விழாவின் வரலாறு" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். பேச்சையும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். "தலைவரின் தொலைநோக்கில் உதித்த திருவிழா இது" என்று அது தொடங்குகிறது. அதை நான் படிக்கப் போவதில்லை.

அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள். படிக்காவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? தலைவருடைய கம்பெனி கேம்ப்புகளுக்கு அரிசி, பருப்பு கொடுப்பது எங்கள் கடை. "அவரு வேணாம்னா நாளைக்கே வேற கடைக்குப் போயிரும் புள்ள. குடுத்தத படிச்சிட்டு எறங்கிரு" என்று என் அத்தா காரில் வரும்போதுகூடச் சொன்னார். அத்தா, நீங்கள் இப்போது தலையில் கை வைத்திருப்பது எனக்குத் தெரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்த விழா எங்கே பிறந்தது? தலைவரின் தொலைநோக்கிலா? மன்றத்தின் தீர்மானத்திலா? இந்த மண்டபத்தின் சரவிளக்குகளுக்குக் கீழேயா? ஷார்ஜா விமான நிலையத்தில், ஒரு நனைந்த பெட்டிக்குள் பிறந்தது!

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு. எங்கள் ஊர் சோடா கம்பெனியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த பாலகுரு மாமா முதன்முதலாக விமானம் ஏறி வருகிறார். கேம்ப்பில் இருந்த ஊர்க்காரர்கள் அவரிடம் கேட்டது ஊறுகாய் அல்ல, கருவாடும் அல்ல. "ஊரு சோடா குடிச்சு வருசக்கணக்காச்சு. ரெண்டு கொண்டாடா." இவரோ கைலியில் சுற்றி, பெட்டி முழுக்க அடுக்கிவிட்டார். வேறு எந்த ஊர்க்காரனாவது இப்படி ஒரு தவறைச் செய்வானா? வழியில் பாதி வெடித்துவிட்டது. பெட்டி சொட்டச் சொட்ட வந்து இறங்கியது.

சோதனை அதிகாரி நிறுத்தினார். பச்சைக் கண்ணாடி, வளைந்த கழுத்து, உள்ளே ஏதோ உருளுகிறது. மதுவே கூடாத ஊர் அல்லவா ஷார்ஜா?

"ஏ க்யா ஹை? ஷராப்?" சாராயமா என்று கேட்கிறார்.

"நோ சார்! சோடா சார்! ஊரு சோடா!"

"கோலோ."

திறக்கச் சொல்கிறார் என்பதை அவர் கை காட்டியதில் புரிந்துகொண்டார் மாமா. கட்டைவிரலை வைத்து ஒரே அமுக்கு. டப்! அதிகாரி இரண்டடி பின்னால் பாய்ந்தார். மாமா கடகடவென்று பாதியைக் குடித்து, ஒரு ஏப்பமும் விட்டு, மீதியை நீட்டினார். அதிகாரி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். அவருக்கும் ஏப்பம் வந்தது! சிரித்துவிட்டு, "யல்லா, ரோ", போ போ, என்று கையை வீசினார்.

சுவரோரம் சிரிக்கிறீர்களே, உங்களுக்குத் தெரிந்த கதைதான். முன்வரிசைதான் இதை முதல் முறையாகக் கேட்கிறது.

அன்று மாலை, அப்போது தொழில்பேட்டையில் இருந்த எங்கள் கடை வாசலில், பிழைத்த பாட்டில்களைச் சுற்றி ஒரு கூட்டமே கூடியது. ஆளுக்கு ஒரு வாய்தான் வந்தது. யார் உடைப்பது என்று கேட்டபோது என் அத்தாதான் சொன்னார்: "ஊருத் தண்ணி இன்னும் இவன் வயித்துலதான் இருக்கு. நம்ம வயித்துல எல்லாம் டேங்க் தண்ணி. இவனே ஒடைக்கட்டும்."

அதுதான் சட்டம். ஊரிலிருந்து கடைசியாக வந்து இறங்கியவன் எவனோ, அவன் பெட்டியில் வரும் சோடாவை அவன்தான் உடைக்க வேண்டும். வந்த புதிதில் வாய் திறக்கத் தெரியாமல், வழி கேட்க மொழி தெரியாமல், போர்வைக்குள் புதைந்து அழுகிறவனுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், எல்லோரும் சுற்றி நின்று கைதட்டுவார்கள். அதற்கு மேல் இந்த விழாவில் எதுவுமே இருந்ததில்லை. அதற்கு மேல் எதுவும் தேவையாகவும் இல்லை.

பிறகு என்ன ஆனது? விழா வளர்ந்தது! கடை வாசலிலிருந்து முவைலா மணல்வெளிக்கு வந்தது. மணல்வெளியிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. மண்டபத்துக்கு வந்ததும் மேடை வந்தது, மேடை வந்ததும் மாலை வந்தது, மாலை வந்ததும் மாலைக்குக் கழுத்து நீட்ட ஆட்கள் வந்தார்கள். இன்றைக்கு எல்லாம் இருக்கிறது. பதாகை இருக்கிறது, பொன்னாடை இருக்கிறது, தலைவர் படம் போட்ட சாவிக்கொத்து இருக்கிறது. சோடா இருக்கிறதா? உங்கள் கையில் இருப்பது என்ன? வெளிநாட்டுக் கம்பெனி கொடுத்த டின்! தாய்மார்களே, கோலி சோடா விழாவில் கோலியைப் பார்த்தீர்களா? அதோ, கண்ணாடிப் பெட்டிக்குள், ரிப்பன் கட்டி, தொடாதே என்று பலகை வைத்து!

முதல் சோடாவும் புது ஆளிடமிருந்து சிறப்பு விருந்தினர் கைக்குப் போனது. போன வருடம் நடந்தது நினைவிருக்கிறதா? வந்தவர் அமுக்கினார், அசையவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினார், முகம்தான் சிவந்தது. செயலாளர் பாட்டிலைப் பிடிக்க, பொருளாளர் செயலாளரைப் பிடிக்க, மூன்று பேரும் சேர்ந்து ஒரு கோலியோடு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அது இறங்கியபோது சோடா முழுவதும் தலைவர் கோட்டில் இறங்கியது!

செயலாளர் என்னிடம் ஒரு துண்டுச்சீட்டு நீட்டுகிறார். "நேரம் முடிந்தது." ஐயா, போன வருடம் கோலிக்குக் கொடுத்த நேரத்தில் பாதியாவது எனக்குக் கொடுங்கள்.

அந்த அவமானம் திரும்ப வரக்கூடாது என்று இந்த வருடம் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சொல்லட்டுமா? திரைக்குப் பின்னால் ஓர் ஆள் பாட்டிலை முன்கூட்டியே உடைத்துவைப்பார். விருந்தினர் அதன் மேல் சும்மா விரலை வைப்பார். "டப்" என்ற சத்தம் ஒலிபெருக்கியில் வரும்! பதிவு செய்த சத்தம்! மூன்று முறை ஒத்திகையும் பார்த்துவிட்டார்கள்!

திரைக்குப் பின்னால் நிற்கும் அந்த ஆள் யார்? பழனிச்சாமி அண்ணன். ஊரிலிருந்து கடைசியாக வந்து இறங்கியவர். இந்த சோடாவைத் தன் பெட்டியில், தன் கைலியில் சுற்றிக் கொண்டுவந்தவர். தலைவருடைய கம்பெனியில் சாரம் கட்டுகிறவர். யாருக்காக இந்த விழா பிறந்ததோ, அவரைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அவர் உடைத்ததை வேறொருவர் உடைத்ததாகக் காட்டி, அதற்குக் கைதட்டவும் நம்மையே கூப்பிட்டிருக்கிறார்கள்!

ஒத்திகையின்போது அவரிடம் போய், "அமுக்காதீங்கண்ணே, வெளியில வந்து அமுக்குங்க" என்றேன்.

"வேணாம் பாப்பா. மொதலாளி கோச்சுக்குவாரு. நான் வந்தே ஒரு மாசம் ஆவல."

"உடைக்காம மட்டும் வச்சிருங்க. மத்தத நான் பேசுறேன்."

அவர் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இதோ, திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பாட்டிலை வைத்து அனுப்பிய தட்டு, மேசை மேல் இருக்கிறது. இந்தப் பட்டுத்துணியை எடுக்கிறேன். பாருங்கள்! கோலி கழுத்திலேயே நிற்கிறது! அண்ணன் உடைக்கவில்லை!

ஒலிபெருக்கிக்காரரே, உங்கள் "டப்" உங்களிடமே இருக்கட்டும்.

தலைவர் எழுந்து நிற்கிறார். நிற்கட்டும். தலைவர் அவர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இரண்டாம் ஆண்டு விழாவில் முதல் சோடாவை உடைத்தது யார்? எழுதிக் கொடுத்த வரலாற்றில் அது இல்லை. ஆனால் எங்கள் கடை வாசலில் ஒரு பெஞ்சு மேல் நின்று, ஐந்து வயதில், நானே பார்த்தேன். ஒல்லியாக ஒருவர். பெரிதாய்த் தொளதொளத்த கேம்ப் சட்டை. கோலி இறங்கியதும் எல்லோரும் கைதட்ட, அவர் பாட்டிலைக் குடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதார். "குடிடா பாஸ்கரு, கேஸு போயிரப் போவுது" என்று பாலகுரு மாமா அதட்டினார். அந்த பாஸ்கர் எங்கே ஐயா? இந்தக் கோட்டுக்குள் இருக்கிறாரா? இருந்தால், பழனிச்சாமி அண்ணனைத் திரைக்குப் பின்னால் நிறுத்த அவருக்கு எப்படி மனம் வந்தது?

பழனிச்சாமி அண்ணே! நான் கட்டாயப்படுத்தவில்லை. வேலை உங்களுடையது, பயமும் உங்களுடையது. எனக்கும் பயம்தான். ஆனால் தனியாக வர வேண்டாம். முதல் சோடாவை உடைத்த கைகள் இந்த மண்டபத்தில் இன்னும் இருக்கின்றன. பாலகுரு மாமா, முன்னால் வாருங்கள்! மற்ற வருடங்களில் உடைத்தவர்களும் சுவரை விட்டு வாருங்கள்! தாய்மார்களே, கொஞ்சம் வழி விடுங்கள்! இன்று ஒருவரை வேலையிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பினால் இத்தனை பேரையும் அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டு யாரை வைத்துச் சாரம் கட்டுவார்கள்?

வருகிறார்கள். பாலகுரு மாமா வருகிறார். அத்தா... நீங்களுமா?

திரை அசைகிறது. பழனிச்சாமி அண்ணன் வந்துவிட்டார். செருப்பை ஏன் அண்ணே கழற்றுகிறீர்கள்? இது உங்கள் மேடை. அவர் தலைவரைப் பார்க்கிறார். தலைவர் தலையாட்டுகிறாரா? இல்லை. மறுக்கிறாரா? அதுவும் இல்லை. தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது போதும்.

ஒடைங்கண்ணே!

கேட்டதா? கடைசி வரிசைக்கும் கேட்டதா? இந்த "டப்"புக்கு எந்த ஒலிபெருக்கியும் தேவைப்படவில்லை!

ஒரு வாய் நீங்கள் குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள், அண்ணே. அந்த நாற்காலிகள் வரைக்கும் போகட்டும். ஏப்பம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பேசவிட்ட அவைக்கு நன்றி. பேசவிடாமல் சீட்டு நீட்டியவருக்கும் நன்றி. பாட்டிலை உடைக்காமல் வைத்திருந்த பழனிச்சாமி அண்ணனுக்கு எல்லோரையும்விடப் பெரிய நன்றி. புதிதாக வந்தவர்களுக்கும், இனிமேல் வரப்போகிறவர்களுக்கும் என் ஸலாம். உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.