எடை பொறிக்காத கற்கள்

பாரம் தூக்கிப் பழகும் தண்டு வாங்கும்போது முதலில் திருகு மரையைத்தான் பார்க்க வேண்டும். பளபளப்பைக் கண்டு ஏமாறக் கூடாது. மரை தேய்ந்திருந்தால் கையை உயர்த்தும் நேரத்தில் பாரம் கழன்று காலில் விழும். அந்தத் தண்டை ஐயா மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். நீங்களே திருகிப் பாருங்கள், எவ்வளவு சுத்தமாக இறங்குகிறது. என் தம்பிக்கு நான் மட்டமான பொருள் வாங்கவில்லை.

சேலத்துக் கடையில் மூன்று விதம் இருந்தன. ஒரே வார்ப்பாக வார்த்த இரும்புக் குண்டு ஒன்று. அதில் எடையைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கைப்பிடிக்குள் சுருள்வில் வைத்த சீமைச் சரக்கு இன்னொன்று. அது துரைமார் வீட்டுக்கு ஆகும். மூன்றாவதுதான் இரண்டு முனையிலும் மரை வெட்டிய இந்தத் தண்டு. வேண்டிய எடைத் தட்டுகளைக் கோத்து இறுக்கிக்கொள்ளலாம், உடம்பு தேறத் தேறக் கூட்டலாம். இதை எடுத்துக்கொண்டு, தட்டு வேண்டாம் என்றேன்.

"தட்டில்லாம வெறுந்தண்டை வெச்சு என்னங்க பண்ணுவீங்க?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"எங்க மலையில கல்லு கெடக்குதுங்க" என்றேன்.

அவர் என்னைக் கஞ்சன் என்று நினைத்திருப்பார். எங்கள் மலைக் குண்டூர் நாட்டில் எந்த வீட்டுக் கொல்லையிலும் தேய்ந்துபோன திரிகைக்கல் கிடக்கும். ராகி அரைத்து அரைத்து மெலிந்த கல், நடுவில் துளை. தண்டில் துணியைச் சுற்றிக் கல்லைச் செருகி, வெளியே இரும்புத் திருகு மூடியை வைத்து முடுக்கினால் அசையாது. சின்னதும் பெரியதுமாகப் பல வீடுகளில் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். காளியண்ணனுக்குத் தம்பிமேல் எவ்வளவு பிரியம் என்று ஊரே பேசியது.

தம்பி அர்த்தனாரிக்குச் சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் தலையில் ஒரு சுமையும் ஏற்றக் கூடாது என்று எங்கள் அம்மா சொல்லிவிட்டாள். எங்கள் மலைக்கு வண்டிப்பாதை கிடையாது என்று ஐயாவுக்குத் தெரியும். மிளகோ சாமையோ, விற்க வேண்டுமானால் தலைச்சுமையாகத்தான் இறக்க வேண்டும். அவன் பங்கையும் நான் சுமந்தேன். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு நான் மூட்டையோடு இறங்குவேன், அவன் கையை வீசிக்கொண்டு பின்னால் வருவான், பாட்டும் பாடுவான். அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் ஒரு நாளும் அவனைத் திட்டியதில்லை, கை நீட்டியதும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பி கண்ணாயியைக் கட்டிய பிறகு அவன் மூட்டையை அவள் தூக்கினாள். பெண்டாட்டி சுமக்க இவன் சும்மா நடப்பதைப் பார்த்துச் சந்தையில் எவனோ கேலி பேசிவிட்டான். தம்பிக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது.

"ஏனுங்ணா, இந்த வருஷம் என்ர மொளகு மூட்டைய நானே எறக்கோணும். எனக்குப் பழக்கி உடுங்ணா" என்றான்.

நான்தான் அவனை முதலில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, அவனை வெளியே அனுப்பி என்னிடம் பேசினார். நேராகச் சேலத்துக் கடைக்குப் போய்த் தண்டை வாங்கினேன்.

காலையில் எங்கள் வாசலில் பழகினான். பக்கத்து வீட்டு அப்பாசாமி வேலியோரம் நின்று பார்ப்பார்.

"தூக்குனா எங்கியாச்சும் கொண்டுபோயி எறக்கோணும். தூக்குன எடத்துலயே எறக்குறதுக்கு எதுக்குடா தூக்கோணும்?" என்று கேட்டார். தம்பியும் சேர்ந்து சிரித்தான்.

சின்னக் கல்லில் அவனுக்குக் கை கொஞ்சம் திரண்டது. நன்றாகச் சாப்பிட்டான். கண்ணாயி முகத்தில் தெளிச்சி வந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. அவன் எழுந்து வருவதற்கு முன் கல்லை மாற்றிக் கோக்க ஆரம்பித்தேன்.

"ண்ணா, இன்னிக்கு கனமா இருக்குதுங்ணா."

"நேத்து தூக்குன அதே கல்லுதாண்டா. ஒழுங்காத் தின்னுருக்க மாட்டே."

அவன் நம்பினான். நான் எது சொன்னாலும் நம்புவான். கடைத் தட்டு என்றால் ஒவ்வொன்றிலும் எடை பொறித்திருக்கும், அவனுக்கு எண் படிக்கத் தெரியும். திரிகைக்கல்லில் யாரும் எடை பொறிப்பதில்லை. தட்டு வாங்காததற்குக் காரணம் இதுதான். காசு இருந்தது.

அன்று மாட்டியது இருப்பதிலேயே பெரிய சோடி. தண்ணீர்க் குடத்தோடு வந்த கண்ணாயி அவனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, போதும்னு சொல்லுங்க. ஒதடு கறுக்குதுங்க."

"இன்னும் ஒருக்காத்தான் கண்ணு" என்றேன்.

என் சொல்லுக்காக இன்னொரு முறை தூக்கினான். தலைக்கு மேல் கொண்டுபோய் என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கல் விழுந்தது, அவனும் விழுந்தான்.

கண்ணாயி அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் மலையிறங்கி டாக்டரிடமே போய்க் கேட்டுவிட்டாள். டாக்டர் என்னிடம் சொன்னதை ஐயாவிடமும் சொல்லியிருப்பார். இவன் இருதயம் கெட்டிருக்கிறது, பாரம் தூக்கினால் நின்றுவிடும், வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவை என்றார். நான் யாருக்கும் சொல்லவில்லை. தம்பியிடம், உனக்குச் சோம்பல்தானாம், தூக்கிப் பழகினால் சரியாகுமாம் என்றேன். சாவான் என்று தெரிந்துதான் கல்லைக் கூட்டினேன். என்னை யாரும் தூண்டவில்லை.

இதைக் கொலை என்று எழுதுவது ஐயா இஷ்டம். எனக்கு அதில் தகராறு இல்லை. ஆனால் என்னை ஈவு இரக்கம் இல்லாதவன் என்று கண்ணாயி சொன்னதை மட்டும் அடித்துவிடுங்கள். சுடுகாட்டு மேட்டுக்குப் பாடையை ஏற்றும்போது மற்றவர்கள் ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்தார்கள். நான் கடைசிவரை தோள் மாற்றவில்லை. அன்றைக்கும் அவன் சும்மாதான் வந்தான்.