இடுப்பில் அரை விரல்

எனக்குத் தையல் நன்றாக வரும், டாக்டர். பி.எஸ்ஸி. வேதியியலில் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான், எதையும் அளவோடு செய்வது. அதுவும் கடைசியில் தையலுக்குத்தான் உதவியது.

சிந்து என் அக்கா தமயந்தியின் மகள். ஒன்பதாம் வகுப்பு. எடை குறைக்க உங்கள் மல்லேஸ்வரம் கிளினிக்கில் சேர்த்தோம். நீங்கள் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. எடை மெஷினில் பிள்ளை முதுகைக் காட்டி நிற்க வேண்டும், எண்ணைச் சொல்லக் கூடாது, இளைத்தால் பாராட்டக் கூடாது. இல்லையென்றால் பிள்ளை சாப்பாட்டுக்கே பயப்படும் நோயில் விழும் என்றீர்கள். போண்டாவைக்கூடக் கெட்டது என்று சொல்லக் கூடாதாம். போண்டாவின் மனம் நோகும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ஜீவனஹள்ளிக்குத் திரும்பும் ஆட்டோவில் அக்கா சொன்னாள்: "இனிமே யாரும் இவளைக் குண்டம்மான்னு கூப்பிடக் கூடாது."

"சரி, ஒல்லியம்மா," என்றார் அக்காவின் கணவர் உத்தமன் மாமா.

"அதுவும் கூடாது."

"அப்போ இவளை என்னான்னுதான் கூப்பிடறது?"

"எனக்குப் பேர் இருக்குப்பா," என்று சிந்து சிரித்தாள்.

நான் அவர்களோடுதான் இருக்கிறேன். எனக்கு அதிகம் பேச வராது. அதனால் உங்கள் விதி எதையும் மீறவில்லை. ஒரு எண்கூடச் சொன்னதில்லை.

வளரும் பிள்ளையின் யூனிஃபார்மை உள்ளே துணி விட்டுத் தைப்பார்கள், பிறகு பிரித்து விடுவார்கள். அந்த வேலை எங்கள் வீட்டில் என்னுடையது. நான் பிரிக்கவில்லை. ஸ்கர்ட்டின் இடுப்பை அரை விரல் உள்ளே பிடித்தேன். அவள் கொஞ்சம் இளைத்ததும் இன்னொரு அரை விரல். சுடிதாருக்கும் அப்படியே. உங்கள் வழி ரொம்ப மெதுவாக இருந்தது.

சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருவோம், நீங்கள் சொன்னபடியே. சிந்து தன் களியை என் தட்டுக்குத் தள்ளுவாள். நான் சத்தமில்லாமல் தின்றுவிடுவேன்.

ஒரு காலை ஸ்கர்ட் கொக்கியை இழுத்துக்கொண்டே வந்தாள். "சித்தி, மறுபடி இறுக்குது. நேத்து வெள்ளரிக்காய் மட்டும்தானே தின்னேன்? நான் என்ன தப்பு பண்றேன்?"

"தப்பெல்லாம் இல்லடா. மூச்சை உள்ள இழு," என்று மாட்டிவிட்டேன். விலா எலும்பு விரலில் தட்டியது. நல்ல முன்னேற்றம் என்று தோன்றியது. பாராட்டக் கூடாது என்பதால் சொல்லவில்லை.

பிறகு உங்களிடம் வரவேண்டிய தேதியை, பரீட்சை இருக்கிறது என்று போன் செய்து தள்ளிவைத்தது நான்தான். பாதி வேலையில் யாரும் தலையிடுவது எனக்குப் பிடிக்காது. போன வாரம் பள்ளிப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தாள். இதயம் மெதுவாகத் துடிக்கிறது என்று இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். அக்கா உங்களைத் திட்டினாள். கேட்க எனக்கே பாவமாக இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், ஸ்கர்ட் வேலை முழுக்க என்னுடையது.

ஆனால் ஒன்றையும் கவனியுங்கள். இன்று காலை அவளுக்கு ஆஸ்பத்திரி கவுனை மாட்டிவிட்டேன். இரண்டு சிந்து நுழையலாம் அதில். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இதுவும் இறுக்குகிறது என்று அழுகிறாள்.

அந்தக் கவுனில் நான் கையே வைக்கவில்லை, டாக்டர்.